இரண்டு நாளில் பத்தாமல் போன கல்யாண கவுன்

எனக்கு மிலுங்காவின் மேல் பொறாமை உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் வந்து என்னைக் குடைய வேண்டாம். நான்கு வருஷம் நர்ஸ் படிப்புப் படித்தவள் நான். ராக்கித்தா ஊர்ச் சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊர்க்காரர்களோ, உடம்பில் ஏதாவது சந்தேகம் வந்தால் என் வாசலைத் தாண்டித் தெருக்கோடியில் இருக்கிற தையல்காரி வீட்டுக்குப் போவார்கள். போகிற போக்கில் ஜன்னல் வழியாக, "என்ன பெர்சா சிஸ்டர், சௌக்கியமா?" என்று ஒரு விசாரிப்பு வேறு! எனக்கு எப்படி இருக்கும்?

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவள் கண் அப்படிப்பட்ட கண்.

எங்கள் கொலுபாரா ஆற்றுப் பள்ளத்தில் ஒரு நோய் உண்டு. சில வீடுகளில் மட்டும் உண்டு. பக்கத்து வீட்டில் இருக்காது, எதிர் வீட்டில் இருக்கும். தண்ணீரா, மண்ணா, மாவா என்று தலைநகர் பெல்கிராதிலிருந்து வந்த பெரிய பெரிய ஆட்கள் குழாய் குழாயாக ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள், இன்னும் ஒன்றும் சொன்னபாடில்லை. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் ஒருவன் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு அடிக்கடி உட்கார ஆரம்பிப்பான். சாப்பாடு இறங்காது. உடம்பு வற்றும். உள்ளங்கையில் ஒரு செம்பு நிறம் ஏறும். அதற்குள் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருக்கும். இந்த நோய்க்கு ஊரில் பெயர் கிடையாது. "அது" என்பார்கள், அவ்வளவுதான்.

மிலுங்காவின் புருஷன் ராதிஷாவுக்கு "அது" வந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரே வருஷத்தில் அவன் கால்சட்டையை நான்கு முறை இடுப்பில் பிடித்துத் தைத்தவள் அவளேதான். "என்னய்யா, புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டே, எவளாவது மாட்டியிருக்காளா?" என்று கேலி வேறு செய்திருக்கிறாள். கடைசியில் ஒருநாள் அவன் வயலிலேயே சுருண்டு விழுந்து, பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு இரண்டு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் கட்டிப் போட்டமாதிரி கிடந்து செத்துப் போனான்.

அதற்குப் பிறகுதான் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். துணி வெட்டுகிற மேஜை மேல் எப்போதும் ஒரு வெள்ளைக் காடாத் துணி விரித்திருப்பாள். அளவெடுக்க வருகிறவன் யாராக இருந்தாலும், "கையை இதுல வை. மல்லாத்தி வை" என்பாள். வெள்ளையின் மேல் வைத்தால்தான் அந்தச் செம்பு தெரியும். பிறகு டேப்பை இடுப்பில் சுற்றுவாள். போன ஈஸ்டருக்கு எத்தனை, இந்த ஈஸ்டருக்கு எத்தனை என்று எல்லாம் மனதில் இருக்கும். "நாலு விரக்கடை குறைஞ்சிருக்க. நாளைக்குக் காலைல பட்டணத்துக்குப் போய் ரத்தம் குடுத்துட்டு வா. மிலுங்கா அனுப்பினான்னு சொல்லு." பட்டணத்து டாக்டரம்மாவே வருகிறவர்களிடம், "மிலுங்கா அனுப்பினாளா, இல்ல நீயா வந்தியா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. நாற்பது பேரை அப்படி நேரத்தோடு அனுப்பியிருப்பாள்.

எல்லோரும் கும்பிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கல்யாண வயதில் பெண்ணோ பையனோ இருக்கிற வீட்டில் "அது" இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும். அதனால் அவளைக் கண்டால் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஒருவன் அவள் வீட்டு நாற்காலியையே தூக்கி அடித்தான். அவள் அந்த நாற்காலிக்குக் கால் போட்டு, அடுத்த வாரம் அவன் பெண்டாட்டியை அதிலேயே உட்கார வைத்து இன்னொரு தடவை சொல்லி அனுப்பினாள்.

அவள் சொல்லும் விதிகள் இரண்டு. ஊரில் சின்னக் குழந்தைக்கும் அவை தெரியும். ஒன்று, "அது" வந்தால் உடம்பு வற்றும், வீங்காது. முகம் உப்பியிருந்தால் தைரியமாகப் போய்த் தூங்கலாம். இரண்டு, "அது" பள்ளத்தை விட்டு மேடேறாது. மேலே கமெனா ஊரில் ஒருவருக்குக்கூட வந்ததில்லை.

அதனால்தான் தன் ஒரே மகன் ஒப்ராத்துக்குக் கமெனாவில்தான் பெண் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கிடைத்தவள் தாரிங்கா. இருபத்து நான்கு வயது, கமெனா பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். சிரித்தால் தெருவுக்கே கேட்கும். நிச்சயதார்த்தத்தில் மிலுங்கா என் காதில், "என் பேரப்பிள்ளைக்கு மேட்டு ரத்தம்டி பெர்சா, மேட்டு ரத்தம்!" என்று கிசுகிசுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பத்து வருஷமாகப் பார்த்ததில்லை.

எண்பத்து நாலாம் வருஷம், அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று முடிவாயிற்று. அதற்கு மூன்று வாரம் முன்னால் தாரிங்காவுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே தொண்டை வலி. என்னிடம்தான் வந்தாள். நான் என்ன செய்தேன்? ஆஸ்பிரின் கொடுத்து, எலுமிச்சையும் தேனும் போட்டு டீ குடி, கல்யாணப் பொண்ணு குளிரில் அலையாதே என்று சொல்லி அனுப்பினேன். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

தொண்டை சரியாயிற்று. வியாழக்கிழமை கவுன் போட்டுப் பார்க்க மிலுங்கா வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன், இன்னும் நாலைந்து பெண்களும் இருந்தார்கள். இடுப்பில் கவுன் இறுக்கிப் பிடித்தது. காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்தேன் என்றாள். ரொட்டி வாயில் வைத்தால் இரும்பு மாதிரி இருக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். முகம் வேறு நிலா மாதிரி வட்டமாக இருந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது!

"ஏண்டி தாரிங்கா, பாதிரியார் மந்திரம் சொல்றதுக்கு முன்னாடியே ஒப்ராத் பந்தி பரிமாறிட்டானா?" என்று ஒருத்தி.

"அவன் கரன்ட் வேலை பாக்கிறவன், எதையும் சீக்கிரம் பத்த வச்சிருவான்" என்று இன்னொருத்தி.

தாரிங்காவின் முகம் சிவந்துவிட்டது. "அத்தை, சத்தியமா அப்படி ஒண்ணும் இல்ல. இருக்கவே முடியாது."

"இல்லம்மா கண்ணு, இல்லவே இல்ல" என்று மிலுங்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். சுற்றி ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் இருந்தது. நர்ஸ் இல்லையா நான், பெரிய மனுஷிமாதிரி கண் வேறு அடித்தேன்.

மிலுங்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கவுனை இரண்டு விரற்கடை பிரித்து விட்டாள். அன்று சாயங்காலமே மிஞ்சின பட்டுத் துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டித் தொப்பி வெட்டிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சியின் வாந்திக்கு எங்கள் ஊர் மருந்து முட்டைக்கோஸ் ஊறுகாய்த் தண்ணீர். பீப்பாயிலிருந்து வடித்த அந்த உப்புத் தண்ணீரை ஒரு பெரிய ஜாடி நிறைய கொடுத்து, "காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிரு, நம்ம எல்லாரும் அதான் குடிச்சோம்" என்றாள். தாரிங்கா நல்ல பெண். பெரியவர்கள் சொன்னதைக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெண் வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவள் தன் வீட்டு வாசலில் நின்று மருமகளை வரவேற்க வேண்டும். ஆனால் கவுன் தைத்தவளும் அவள்தானே? "ஏழு மணிக்குப் போவோம், ஊக்கை மாட்டிவிட்டு எட்டரைக்கு ஓடி வந்துடுவோம், யாருக்கும் தெரியாது" என்று என்னைக் காரோடு இழுத்துக்கொண்டு போனாள். அவள் முற்றத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. முட்டைக்கோசும் பன்றிக்கறியும் நேற்று மத்தியானத்திலிருந்து மண்பானைகளில் கொதித்துக்கொண்டிருந்தன. முந்நூறு பேருக்குச் சாப்பாடு!

கமெனாவில் பெண்ணின் அறைக்குள் நுழைந்தோம். தாரிங்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். 

"யாரோ நெனைக்கிறாங்க, யாருன்னு சொல்லணுமா?" என்றேன் நான்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து நெனைக்கிறாங்க சிஸ்டர், தூங்கவே விடல" என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை.

கவுனை மாட்டினோம். முதுகில் ஊக்குகள் சேரவில்லை. இழுத்துப் பார்த்தோம். நான்கு விரற்கடை இடைவெளி. "அடேயப்பா, ரெட்டைப் பிள்ளையா இருக்குமோ!" என்று நான் ஆரம்பித்தேன். மிலுங்கா டேப்பை எடுத்து இடுப்பை அளந்தாள். அப்புறம் மார்பை, மேல்கையை, மணிக்கட்டை. மறுபடி மணிக்கட்டை.

"பெர்சா, வியாழக்கெழம இந்த மணிக்கட்டு பதினஞ்சு சென்டி. இப்ப பதினேழரை."

"அதனால என்ன?"

"பிள்ளை வயித்துல வளரும்டி. மணிக்கட்டுலயா வளரும்?"

மிலுங்கா தரையில் மண்டியிட்டாள். தாரிங்காவின் காலுறையை இறக்கி, தையல் விரலுறை போட்ட விரலால் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் அழுத்தினாள். எடுத்தாள். விரலுறையின் புள்ளிப் புள்ளி அச்சோடு ஒரு குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் நிற்பதைப் போல. பத்து எண்ணும் வரை பார்த்தோம். குழி மேலே வரவில்லை.

"கண்ணு, ஒண்ணுக்குப் போறியா?" என்றாள் மிலுங்கா.

"அத்தை!"

"வெக்கப்படாம சொல்லுடி. போறியா?"

"நேத்து ஒரு தடவ. கொஞ்சூண்டு."

"என்ன நெறம்?"

தாரிங்கா தலையைக் குனிந்துகொண்டாள். "காப்பி அடி மண்டி மாதிரி. மூணு நாளா அப்படித்தான். ஊறுகாத் தண்ணியாலன்னு நெனச்சேன்."

மிலுங்கா எழுந்து அவள் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோனாள். நான் முத்தம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "ஊது" என்றாள். தாரிங்கா விக்கலுக்கு நடுவே ஊதினாள். மிலுங்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ராதிஷாவோட மூச்சு" என்றாள். "கடைசி மாசம் அவன் பக்கத்துல படுத்திருந்தேனே, அதே நாத்தம். பெர்சா, இவளுக்கு கிட்னி நின்னு போச்சு."

"பைத்தியமா உனக்கு? வீங்காதுன்னு நீதானே சொல்லுவ? மேட்டுக்கு வராதுன்னு நீதானே சொல்லுவ?"

"நான் சொன்னதைத் தூக்கிக் குப்பையில போடு! கார்ல உன் ரத்த அழுத்தப் பொட்டி இருக்கா இல்லையா?"

இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். இரண்டு முறையும் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மூன்றாம் முறையும் கட்டினேன். இருநூறுக்கு நூற்றிருபது. இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு! நான்கு வருஷம் படித்த படிப்பு அந்த நிமிஷம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. தொண்டைக் காய்ச்சல், மூன்று வாரம், கறுத்த மூத்திரம், முக வீக்கம், ரத்த அழுத்தம். புத்தகத்தில் ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தது. பரீட்சையில் இதற்கு நான் முழு மார்க் வாங்கியிருக்கிறேன். வெட்கக்கேடு.

"வண்டிய எடு" என்றாள் மிலுங்கா.

அதே நேரத்தில் வெளியே பாண்டு வாத்தியம் வெடித்தது. மாப்பிள்ளை ஊர்வலம் வந்துவிட்டது! பதினேழு கார், கண்ணாடிகளில் பூவேலைத் துண்டு, ஊதுகுழல்காரர்கள் எட்டுப் பேர். இனிமேல்தான் எங்கள் வழக்கம் ஆரம்பம். பெண் வீட்டு வாசலில் கூரையைத் தாண்டும் உயரத்துக்கு ஒரு கம்பை வேலியோடு கட்டி நிறுத்தி, உச்சியில் ஓர் ஆப்பிளைக் குத்தி வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை துப்பாக்கியால் அதைச் சுட்டு விழுத்தும்வரை கதவு திறக்காது. திறந்த பிறகும் பெண்ணின் அண்ணன் வழியை மறித்துக்கொண்டு வம்படிப்பான். எவ்வளவு நேரம் மறிக்கிறானோ அவ்வளவு மதிப்பு பெண்ணுக்கு.

நாங்கள் இருவரும் தாரிங்காவின் இரண்டு கையையும் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம். பின்னால் கவுன் திறந்து கிடக்கிறது, மேலே காரில் கிடந்த என் நர்ஸ் கோட்டு. அண்ணன் ஸ்ரேதன் குறுக்கே கையை விரித்தான். குடித்திருந்தான், கொஞ்சம்.

"ஆஹா! மாமியாரே வந்து திருடிட்டுப் போறாங்களா! எங்க ஊர்ல இது நடக்காது!"

"ஸ்ரேதன், வழி விடுப்பா. உன் தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல."

"எல்லாப் பொண்ணுக்கும் இன்னிக்கு உடம்பு சரியில்லதான்!" என்றான் அவன். முற்றம் முழுக்கச் சிரிப்பு. வெளியே ஒப்ராத் சுட்டான், குறி தப்பியது, கூட்டம் ஓவென்று கத்தியது. "செத்துக்கிட்டிருக்காடா!" என்று மிலுங்கா கத்தினாள். அதற்கும் சிரித்தார்கள். நல்ல நடிப்பு என்று ஒருவன் கை தட்டினான். அவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? நாங்கள் எது சொன்னாலும் அது விளையாட்டு!

மிலுங்கா தாரிங்காவை என் மேல் சாய்த்தாள். இடுப்புப் பையிலிருந்து துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். நேராகப் போய், ஆப்பிள் கம்பை வேலியோடு கட்டியிருந்த கயிற்றை நறுக் நறுக்கென்று வெட்டினாள். கம்பு அப்படியே சாய்ந்து ஊதுகுழல்காரர்களின் நடுவே விழுந்தது. வாத்தியம் நின்றது. எங்கள் பக்கத்தில் அந்தக் கம்பில் எவனும் கை வைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்போதுதான் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

பெண்ணின் அப்பா வூலே முன்னால் வந்தார். மகளைப் பார்த்தார், என் கையிலிருந்த ரத்த அழுத்தப் பெட்டியைப் பார்த்தார்.

"என்ன சொல்றீங்க நீங்க?"

"சம்பந்தி, கிட்னி. இப்பவே ஆஸ்பத்திரி."

"அது உங்க பள்ளத்து நோயாச்சே!" அவர் குரல் கிழிந்தது. "எங்க வம்சத்துலயே கிடையாது! ரெண்டு மாசம் உங்க வீட்டுக்கு வந்து போனா, அதுக்குள்ள என் பொண்ணுக்கு ஒட்ட வச்சிட்டீங்களா? ஐயோ, அப்பவே சொன்னாங்க, பள்ளத்துல பொண்ணு குடுக்காதேன்னு!"

மிலுங்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "ஆமா, எங்க நோய்தான்னே வச்சுக்குங்க. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. வண்டியில ஏறி உக்காந்து திட்டுங்க!" என்று அவர் கையைப் பிடித்துக் காருக்குள் தள்ளினாள்.

நான் ஓட்டினேன். பின்னிருக்கையில் தாரிங்கா மிலுங்காவின் மடியில். முன்னால் என் பக்கத்தில் வூலே, உண்மையிலேயே வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னாலேயே பதினேழு கார்! முன்னால் இருந்த ஒப்ராத்தின் காருக்கு விஷயம் தெரியும். கடைசிக் கார்களுக்கு ஒன்றும் தெரியாது. பெண் கிளம்பிவிட்டாள், கோயிலுக்குப் போகிறோம் என்று நினைத்து ஹாரனை அழுத்திக்கொண்டு, ஜன்னலில் பாதி உடம்பை நீட்டி ஊதுகுழலை முழக்கிக்கொண்டு வருகிறார்கள். பட்டணத்து முச்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்து, இரண்டு நிலக்கரி லாரிகளை நிறுத்தி வழி விட்டு, சல்யூட் வேறு அடித்தார். கல்யாணமாக இல்லாவிட்டால் அந்த இடத்தில் கால் மணி நேரம் நின்றிருப்போம். நான் அழுதுகொண்டே கையை ஆட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் எட்டு ஊதுகுழலும் சேர்ந்து முழங்க, வெள்ளைக் கவுன் போட்ட பெண்ணை மிலுங்கா கைத்தாங்கலாக இறக்கினாள். டாக்டரம்மா படியில் நின்று, "மிலுங்கா, என்ன கூத்து இது?" என்றார்.

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் மிலுங்கா.

ரத்தப் பரிசோதனை வந்ததும் டாக்டரம்மா ஓடினார். நான் அவர் ஓடி ஒருநாளும் பார்த்ததில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறிக் கிடந்தது, எந்த நிமிஷமும் இதயம் நிற்கலாம். அரை மணியில் இயந்திரத்தில் போட்டார்கள். மத்தியானம் வெளியே வந்து எங்களிடம், "ஊறுகாத் தண்ணி குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நான்" என்றாள் மிலுங்கா.

"அதுல இருக்கறதெல்லாம் உப்பும் பொட்டாசியமும்தான். இன்னும் ரெண்டு டம்ளர் உள்ள போயிருந்தா கல்யாணப் பந்தியிலேயே சாஞ்சிருப்பா." பிறகு வூலேயைப் பார்த்து, "இது பள்ளத்து நோய் இல்லைங்க. தொண்டையில வந்த கிருமியோட வேலை. எங்க வேணும்னாலும் வரும், உங்க மேட்டுக்கும் வரும். கிட்னி திரும்ப முழிச்சாலும் முழிக்கும், முழிக்காமலும் போகும். ரெண்டு மூணு வாரத்துல தெரிஞ்சிடும்" என்றார்.

நடைபாதையில் ஒப்ராத் மாப்பிள்ளைக்கென்று மார்பில் குத்திய ரோஸ்மேரிக் கொத்தோடு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். வூலே மெதுவாக வந்து மிலுங்காவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் போய் வாங்கி வந்த ரொட்டியை அவர் இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவளிடம் கொடுத்தார்.

பிறகு நாட்கள் ஆரம்பித்தன. மிலுங்கா கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். கட்டிலடியில் கோடு போட்ட ஒரு கண்ணாடி ஜாடி. தினமும் காலையில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். திங்கள், முப்பது மில்லி. செவ்வாய், நாற்பது. புதன், இருபது. அந்த இருபதைப் பார்த்த அன்று எனக்குப் போன் செய்து ஒன்றும் சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரம். ராதிஷா படுத்த அதே வார்டு.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நான் பார்க்கப் போயிருந்தபோது, மிலுங்கா கட்டில் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சொன்னாள்: "கண்ணு, இல்ல இல்லன்னு நீ சொன்ன. நான் கேக்கல. ஊரெல்லாம் கை பாக்கறவ, உன் வாயிலேர்ந்து வந்ததைக் கேக்கல. பேரன் ஆசை என் கண்ண அவிச்சிருச்சு. நானே குடிக்க வச்சு உன்னைக் கொல்லப் பாத்தேன். நீ எழுந்து வந்தா என் பையனைக் கட்டிக்க வேணாம், உங்கப்பா வீட்டுக்கே போ. எழுந்து மட்டும் வந்துரு."

தாரிங்கா கூரையைப் பார்த்தபடியே, "கோவமாத்தான் இருக்கு, அத்தை" என்றாள். "ரொம்பக் கோவமா இருக்கு. ஆனா நீங்க எழுந்து போயிடாதீங்க, பயமா இருக்கு."

பன்னிரண்டாம் நாள் காலை. என் சுகாதார நிலையத்தில் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். போன் அடித்தது.

"பெர்சா! எண்ணூறு!"

"என்ன எண்ணூறு?"

"எண்ணூறு மில்லிடி! ஒரே ராத்திரியில! மஞ்சளா! நல்ல மஞ்சளா!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே, "தாரிங்கா ஒண்ணுக்குப் போயிட்டா!" என்று இருபது பேர் முன்னால் கத்தினேன். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். யாரோ என்னைக் கட்டிப் பிடித்தார்கள். ஊசி போட வேண்டியவனை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். ஆமாம், அப்படியே விட்டுவிட்டுத்தான் போனேன். என் மேல் புகார் எழுதுகிறவன் எழுதிக்கொள்ளட்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மிலுங்கா டயாலிசிஸ் வார்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு முறையில் வந்த ஏழு பேர் இயந்திரத்தோடு படுத்திருந்தார்கள். எல்லோரும் எங்கள் பள்ளத்து ஆட்கள். அவள் வெள்ளைத் துணியில் கை வைத்துப் பார்த்து அனுப்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். வருஷக்கணக்கில் ஒரு சொட்டு மூத்திரம் பார்க்காதவர்கள். இனிமேலும் பார்க்கப் போகாதவர்கள். சந்தோஷத்தில் ஜாடியோடு உள்ளே ஓடி வந்துவிட்டாள், வந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. ஜாடியை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தாள்.

"ஏம்மா மறைக்கிற?" என்றார் முதல் கட்டிலில் இருந்த சிமா. எங்கள் ஊர் மரக்கடைக்காரர், ஆறு வருஷமாக இயந்திரத்தில் இருப்பவர். "இங்க கொண்டா. கிட்ட கொண்டா."

அவள் கொண்டுபோனாள். சிமா ஊசி குத்தாத கையால் ஜாடியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றார். "டேய், எல்லாரும் பாருங்கடா. எவ்வளவு அழகா இருக்கு." பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தார். அங்கிருந்து அடுத்த கட்டிலுக்கு. ஏழு பேரும் வாங்கிப் பார்த்தார்கள். ஒருத்தி ஜாடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். மிலுங்கா அவர்கள் நடுவே நின்று விம்மி விம்மி அழுதாள், நானும் அழுதேன்.

கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி அங்கியில், ஒப்ராத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, மெலிந்து போன முகத்தோடு தாரிங்கா நின்றாள்.

"அத்தை, சீக்கிரம் அந்த ஜாடியக் குடுங்க," என்றாள். "மறுபடியும் வருது!"